சயாம் ரயில் பாதையில் மாண்டவர்களும் கடவுளும்

லயத்துப் பிள்ளை, சுங்கை சிப்புட்:
வணக்கம். சப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்திலிருந்து சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, தண்டவாளம் போடக் கொண்டுபோகப்பட்ட என் கொள்ளுத்தாத்தா திரும்பி வரவில்லை. 1942-43இல் ஏறத்தாழ 415 கிலோமீட்டர் நீளத்துக்குப் போடப்பட்ட அந்தப் பாதையில், மலாயாத் தோட்டங்களிலிருந்து சென்ற தமிழர் பல்லாயிரவர் பசியாலும் மலேரியாவாலும் வாந்திபேதியாலும் மாண்டனர். எல்லாம் வல்லவனாகவும் அருளே வடிவானவனாகவும் ஒருவன் இருந்தால் இதை விட்டிருப்பானா? இத்துன்பம் கடவுள் இல்லை என்பதற்குச் சான்றாகாதா?

தேவார வகுப்பு:
தம்பி, உலகை ஒன்றுமில்லாததிலிருந்து படைத்த கடவுளை நோக்கியே இக்கேள்வி கூர்மையாகப் பாய்கிறது. சைவ சித்தாந்தத்தில் இறை, உயிர், உயிரைக் கட்டும் தளை மூன்றும் தொடக்கமற்றவை. குயவன் குடத்தை வனைகிறானே ஒழிய மண்ணைப் படைப்பதில்லை. செம்பில் களிம்புபோல உயிரோடு ஒட்டியிருக்கும் ஆணவம் என்னும் அறியாமை அழுக்கு நீங்கவே வினையும் அதன் பயனாகிய துன்பமும் ஊட்டப்படுகின்றன. ஆகவே துன்பம் இறைவனுக்கு எதிரான சாட்சி அன்று.

பழைய டிவிஷன்:
ஐயா, குயவன் உவமை படைப்புக்குப் பொருந்தலாம், சயாமுக்குப் பொருந்தவில்லை. அத்தனை தோட்டத்தாருக்கும் ஒரே காலத்தில் வினை முற்றியதென்றால், முகாமில் அவர்களை அடித்த காவலாளி வினையை ஊட்டிய கருவியாகிவிடுவான். அவனைக் குற்றவாளி என்று எப்படிச் சொல்வது? அடித்தது மனிதனின் விருப்பம் என்று ஒதுக்கினாலும், முகாம்களில் பரவிய வாந்திபேதி எவருடைய விருப்பம்?

ஆனால் லயத்துப் பிள்ளையின் முடிவும் அவசரமானதே. புறநானூற்றின் 194ஆம் பாட்டில், ஒரு வீட்டில் சாப்பறையும் இன்னொரு வீட்டில் மணமுழவும் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், 'படைத்தோன் மன்ற அப்பண்பி லாளன்' என்கிறார். படைத்தவன் இல்லை என்று அவர் சொல்லவில்லை, பண்பில்லாதவன் என்றே ஏசுகிறார். பேராற்றலும் பேரருளும் ஒருவனிடமே உண்டு என்ற கூற்றைத்தான் துன்பம் அசைக்கிறது. ஆற்றல் குறைந்த கடவுளையோ அருளற்ற கடவுளையோ அது தொடுவதில்லை. அப்படிப்பட்ட ஒருவரைக் கும்பிட வேண்டுமா என்பது வேறு வழக்கு.

தேவார வகுப்பு:
காவலாளியைப் பற்றிய வாதத்துக்கு என் பதில்: வினை அவனையும் தொடரும், ஆகவே அவன் குற்றம் தீராது. வாந்திபேதிக்கு என்னிடம் அவ்வளவு எளிதான பதில் இல்லை. துக்க வீட்டில் நானும் வினையைப் பற்றிப் பேசுவதில்லை.

லயத்துப் பிள்ளை:
நன்றி, ஐயா, அண்ணன். பண்பிலாளன் என்ற சொல்லைப் படித்ததும் என் பாட்டி சொன்னது நினைவுக்கு வந்தது. கொள்ளுப்பாட்டி வெள்ளிதோறும் தோட்டத்து மாரியம்மனுக்கு விளக்கேற்றுவாராம். ஏற்றி முடியும்வரை அம்மனை வாய்விட்டு ஏசுவாராம்.