14 வயதில் பல்லைத் தாங்கும் எலும்பு கரைவது ஏன்?

கேள்வி (ஒரு தாய்):
என் மகளுக்கு வயது 14. ஈறு பெரிதாக வீங்கவில்லை, காரையும் அதிகம் படியவில்லை. ஆனால் முதல் கடைவாய்ப் பற்களைச் சுற்றி எலும்பு கரைந்திருப்பது எக்ஸ்ரேயில் தெரிகிறது. இந்தச் சேதத்தில் அவளுடைய வெள்ளணுக்களுக்கும் பங்கு உண்டு என்று மருத்துவர் சொன்னார். காக்க வேண்டிய செல்கள் எப்படி அழிக்கும்? எதிர்ப்பு சக்தியைக் கூட்ட லேகியம் கொடுக்கலாமா?

பதில் 1 (ஈறு நோய் மருத்துவர்):
அம்மா, முதல் கடைவாய்ப் பற்களையும் முன்பற்களையும் தேர்ந்து தாக்கும் இந்நோய் பெரும்பாலும் பூப்பெய்தும் வயதை ஒட்டித் தொடங்குகிறது. இதில் அடிக்கடி காணப்படும் அக்ரிகேட்டிபாக்டர் என்ற பாக்டீரியா, வெள்ளணுக்களைத் துளைத்துக் கொல்லும் லூக்கோடாக்சின் என்ற நச்சைச் சுரக்கிறது. அந்த நச்சை மிகுதியாகச் சுரக்கும் ஜேபி2 வகையைச் சுமந்த மொராக்கோ நாட்டுப் பதின்வயதினருக்குப் பல்லின் பிடிப்பு தளரும் அபாயம் பத்து மடங்குக்கும் மேல் இருந்ததை 2008இல் வெளியான ஆய்வு காட்டியது.

பல்லுக்கும் ஈறுக்கும் இடையிலான பிளவுக்கு முதலில் வந்து சேரும் நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் அங்கே சிதையும்போது அவற்றின் நொதிகள் கசிந்து, பல்லை எலும்போடு பிணைக்கும் கொலாஜன் இழைகளை அறுக்கின்றன. அடுத்துத் திரளும் டி செல்கள், பி செல்கள் என்ற வேறு வகை வெள்ளணுக்கள் வெளியிடும் ராங்க்-எல் என்ற புரதம், எலும்பை அரிக்கும் செல்களைத் தூண்டிவிடுகிறது. சிறுவர்களின் சாதாரண ஈறு அழற்சியில் டி செல்களே மிகுதி. எலும்பு கரையும் இடங்களில் பி செல்களும், அவற்றிலிருந்து உருவாகி எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும் பிளாஸ்மா செல்களும் பெருகியிருக்கும்.

பதில் 2 (நோயெதிர்ப்பியல் மாணவர்):
எதிர்ப்பு சக்தி கூடுவது, குறைவது என்ற கணக்கு இங்கே பொருந்தாது. நியூட்ரோஃபில்கள் இரத்தக் குழாயை விட்டு ஈற்றுக்குள் நுழைய முடியாத அரிய மரபுக் குறைபாட்டிலும் சிறு வயதிலேயே எலும்பு கரைகிறது. கட்டுக்கடங்காத கிருமியே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். ஆனால் அந்த ஈறுகளில் அழற்சியைத் தூண்டும் இன்டர்லூக்கின்-17 என்ற புரதம் பெருக்கெடுப்பதே முக்கியக் காரணம் என்று 2014இல் தெரியவந்தது. அதைத் தூண்டும் சமிக்ஞையை மருந்தால் தடுத்தபோது ஒரு நோயாளியின் ஈறு அழற்சி தணிந்ததை 2017இல் பதிவுசெய்தார்கள்.

பதில் 3 (ஈறு நோய் மருத்துவர்):
ஆகவே லேகியத்தை நம்பி நாளைக் கடத்தாதீர்கள். ஈற்றுக்கு அடியில் வேர்ப்பரப்பைச் சுத்தம் செய்வதும், மருத்துவர் தேவையெனக் கருதினால் அதோடு ஆன்டிபயாட்டிக் எடுப்பதும்தான் பலன் தரும். இந்நோய் ஒரே குடும்பத்தில் பலருக்கு வருவதுண்டு என்பதால், உடன்பிறந்தவர்கள் இருந்தால் அவர்களையும் இப்போதே பரிசோதித்துவிடுங்கள்.