வாயால மட்டும் சொல்ற மேனேஜர், கையெழுத்து மட்டும் என்னோடதா?

கோவை_பர்ச்சேஸ்:
வணக்கம், கோவைல ஒரு பம்பு கம்பெனில பர்ச்சேஸ்ல ஆறு வருஷமா இருக்கேன். ஒரு லட்சத்துக்கு மேல எது வாங்குனாலும் மூணு கொட்டேஷன் வேணும்னு எங்க ரூல். போன வாரம் மேனேஜர் கூப்பிட்டு, ஆர்டர் இந்த பார்ட்டிக்குத்தான், மத்த ரெண்டு கொட்டேஷனையும் அவங்களே குடுத்துருவாங்க, நீ கம்பாரிசன் ஷீட் போட்டு கையெழுத்து போட்டுடுன்னாரு. வந்த மூணையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாத்தேன், லெட்டர்ஹெட் மட்டும்தான் வேற வேற, மூணுலயும் ஒரே இடத்துல ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக். அவர் பேரு ஷீட்ல எங்கயுமே இல்ல. வீட்டு லோன் ஓடுது, பாப்பா இப்பத்தான் ஸ்கூல் சேந்திருக்கா. கவர்மெண்ட்ல இருக்கவங்க இதெல்லாம் எப்படி சமாளிக்கிறீங்க?

ரிடையர்டு_சூப்பிரண்டு:
தம்பி, நான் 31 வருஷம் மத்திய அரசு ஆபீஸ்ல ஃபைல் பாத்தவன். எங்களுக்கு 1964 நடத்தை விதிகள்ல மூணாவது விதியிலயே இருக்கு, மேலதிகாரி உத்தரவு எழுத்துலதான் இருக்கணும், தவிர்க்க முடியாம வாயால சொன்னா உடனே எழுதி உறுதிப்படுத்தணும், கீழ இருக்கவனும் அதை கேட்டு வாங்கணும். விதி இருந்தும் முக்கால்வாசி பேர் பயந்துட்டு கேக்க மாட்டாங்க. எனக்கு ஒரு அதிகாரி வாய்ச்சாரு. ஒரு டெண்டர் ஃபைல்ல விதிப்படி இயலாதுன்னு நோட் போட்டேன், அவர் ஒத்துக்கல. ஆனா என் நோட்டை மாத்தி எழுதச் சொல்லல, அதுக்குக் கீழயே பச்சை மையில அவர் காரணத்தை அரைப் பக்கம் எழுதி தேதியோட கையெழுத்து போட்டாரு. ரெண்டு வருஷம் கழிச்சு ஆடிட் வந்தப்ப அவரே பதில் சொன்னாரு, என்னை கூப்பிடக்கூட இல்ல. அவர் முடிவு சரியா தப்பான்னு எனக்கு இன்னைக்கும் சந்தேகம்தான், ஆனா அந்த மனுசன் மேல மரியாதை குறையல.

கணக்கு_வழக்கு:
ஐயா சொன்னது பிரைவேட்டுக்கும் பொருந்தும். சத்யம்ங்கிற ஐடி கம்பெனி கேஸ் ஞாபகம் இருக்கா ப்ரோ, 2009 ஜனவரி 7 அன்னிக்கு சேர்மன் ராமலிங்க ராஜு கணக்கெல்லாம் பொய்னு தானே லெட்டர் எழுதுனாரு. 2015ல ஹைதராபாத் கோர்ட்டு 10 பேரை குற்றவாளின்னு சொல்லுச்சு, அதுல ராஜு குடும்பம் மட்டுமில்ல, கம்பெனி ஃபைனான்ஸ்ல சம்பளத்துக்கு வேலை பாத்தவங்களும் இருந்தாங்க. மேல இருக்கவர் சொன்னாருன்னு செஞ்சேன்னா தப்பிக்க முடியாது. உங்க கம்பெனி ஷேர் மார்க்கெட்ல லிஸ்டட்னா 2013 கம்பெனிச் சட்டம் 177வது பிரிவுப்படி புகார் சொல்ல ஒரு ஏற்பாடு கட்டாயம் இருக்கணும், தேவைப்பட்டா ஆடிட் கமிட்டி தலைவர்கிட்டயே நேரா போலாம். முதல்ல "நீங்க சொன்னது இதுதானே, உறுதிப்படுத்துங்க"ன்னு மரியாதையா மேனேஜருக்கு ஒரு மெயில் போடுங்க.

ஸ்டோர்ஸ்_அக்கா:
தம்பி, மெயில் போடு, ஆனா அது லேசுன்னு நெனச்சுக்காத. நான் போட்டேன், ஒரே மாசத்துல என்னை ஸ்டோர்ஸுக்கு தூக்கிட்டாங்க. நெடுஞ்சாலை ஆணைய எஞ்சினியர் சத்யேந்திர துபே 2002ல பிரதமர் ஆபீசுக்கு ஊழலைப் பத்தி எழுதி பேரை ரகசியமா வைங்கன்னு கேட்டும் அந்த லெட்டர் பேரோடவே ஆபீஸ் ஆபீஸா சுத்துச்சு, 2003 நவம்பர்ல கயாவுல சுட்டுக் கொன்னுட்டாங்க. வழிப்பறின்னு கேஸ் முடிஞ்சுது, ஆனா பேரை வெளிய விட்டதுக்கு யாரு பொறுப்பு? 2014ல இப்படி புகார் சொல்றவங்களுக்கு ஒரு பாதுகாப்புச் சட்டம் பாஸ் பண்ணி அமலுக்குக் கொண்டு வராமலே வச்சிருக்காங்க. எப்பவும் கடைசி நாற்காலில இருக்கவன்தான் தைரியமா இருக்கணுமா? ஒரு எம்டி மாசம் ஒரு நாள் பர்ச்சேஸ் டேபிள்ல உக்காந்து ரெண்டு ஃபைலை பிரிச்சுப் பாத்தா அந்த ஸ்பெல்லிங் மிஸ்டேக் அவர் கண்ணுலயும் படும்ல.

கோவை_பர்ச்சேஸ்:
எல்லாருக்கும் நன்றி. இன்னைக்கு காலைல மூணு வரில மெயில் போட்டேன், கை நடுங்குச்சு. மத்தியானம் கேபினுக்கு கூப்பிட்டு "இதை நேர்லயே கேட்டிருக்கலாமேப்பா"ன்னாரு, பதில் மெயில் இதுவரைக்கும் வரல. நானே வேற ரெண்டு சப்ளையர்கிட்ட கொட்டேஷன் கேட்டிருக்கேன். ஷீட் இன்னும் என் டேபிள்லதான் இருக்கு, கையெழுத்து போடல.