பீஷ்ம பர்வம்: முடிவை முதலிலேயே போட்டு உடைக்கிறானே சஞ்சயன்?

பக்கம்புரட்டி:
கங்குலியின் ஆங்கில மொழிபெயர்ப்பின் வழிவந்த தமிழாக்கத்தில் முழு மகாபாரதம் வாசிக்கிறேன். பீஷ்ம பர்வம் 13ஆம் பகுதியில் சஞ்சயன் ஓடிவந்து பீஷ்மர் விழுந்துவிட்டார் என்கிறான். கீதையோ 25இல்தான் ஆரம்பிக்கிறது. நடுவில் ஏதாவது விட்டுப்போயிருக்கிறதா? நான் மர்மக்கதை வாசகன். முடிவு தெரிந்தபின் 10 நாள் போரைப் படிக்க மனசு வரவில்லை. நேராகத் துரோண பர்வத்துக்குப் போய்விடலாமா?

ஏடுதேடி:
எதுவும் விடுபடவில்லை, மூலமே அப்படித்தான். சஞ்சயன் அரண்மனையில் உட்கார்ந்து நேரடி வர்ணனை செய்வதாக டிவி தொடர்கள் பழக்கிவிட்டன. வியாசர் அவனுக்கு ஞானக்கண் தருவது உண்மைதான். ஆனாலும் அவன் களத்திலிருந்து திரும்பிவந்து, நடந்து முடிந்ததைச் சொல்கிறான். 10ஆம் நாள் பீஷ்மர் விழுகிறார், 15இல் துரோணர், 17இல் கர்ணன், 18இல் சல்லியனும் துரியோதனனும். ஒவ்வொரு தடவையும் விழுந்த செய்தி முதலில் வரும், திருதராஷ்டிரன் அழுது "எப்படி நடந்தது?" என்பான், அப்புறம்தான் விவரம். துரோண பர்வத்துக்குத் தாவினால் அங்கேயும் இதே கதைதான்! ஆதிபர்வத்தின் முதல் அத்தியாயத்தில் "கேட்டபோதே வெற்றியில் நம்பிக்கை இழந்தேன், சஞ்சயா" என்று அவன் ஐம்பதுக்கும் மேற்பட்ட சுலோகங்களில் புலம்புகிறானே, முழுக்கதையும் அங்கேயே வெளிவந்துவிட்டது.

தடயம்:
மர்மக்கதையிலும் இந்த வகை உண்டு. ஆஸ்டின் ஃப்ரீமனின் 'தி சிங்கிங் போன்' (1912) தொகுப்பின் பெரும்பாலான கதைகளில் யார், எப்படிக் கொன்றார் என்பது முதல் பாதியிலேயே வந்துவிடும். துப்பறிவாளர் டாக்டர் தார்ன்டைக் அதை எப்படிப் பிடிக்கிறார் என்பதுதான் மீதி. 'குற்றமும் தண்டனையும்' ஆறு பாகம், கொலை முதல் பாகத்திலேயே முடிந்துவிடும்.

பீஷ்ம பர்வத்தையும் அப்படிப் படியுங்கள். யாராலும் வெல்ல முடியாதவர் எப்படி விழுந்தார்? துப்பு உத்தியோக பர்வக் கடைசியில், அம்பை உபாக்கியானத்தில் (அம்பையின் கிளைக்கதையில்) இருக்கிறது. அம்பையின் மறுபிறவியான சிகண்டியை ஏன் கொல்ல மாட்டேன் என்று பீஷ்மரே துரியோதனனிடம் சொல்கிறார். 9ஆம் நாள் இரவு பாண்டவர்கள் அவரிடமே போய் வழி கேட்க, தன்னை வீழ்த்தும் வகையை அவரே சொல்லித் தருகிறார். இந்த இரண்டையும் படித்துவிட்டு 10ஆம் நாளுக்குப் போங்கள்.

வைகைக்கரை:
தடயம் சொன்ன அம்பை கதை சரி. ஆனால் இதைத் துப்பறியும் கதையாகவே ஆக்கிவிட வேண்டாம். கேட்பவன் வாசகன் அல்ல, மகன்களைப் பறிகொடுக்கும் அப்பன். அதனால்தான் சஞ்சயன் அடிக்கடி "இது உன் குற்றம்தான்" என்று குத்திக்காட்டுகிறான். அந்த வரிகளைத் தாண்டிப் போகாதீர்கள்.

படிக்கும்போது நான்கு பத்தி போட்டு ஒரு அட்டவணை வைத்துக்கொள்ளுங்கள்: நாள், தளபதி, வியூகம், விழுந்தவர். துரோண பர்வத்தில்தான் பெரும்பாலானோர் குழம்புவார்கள். 13இல் அபிமன்யு, 14இல் ஜயத்ரதன், அன்றைய போர் இரவிலும் நீண்டு கடோத்கசன், 15இல் துரோணர். அபிமன்யு இறந்ததும் வரும் பதினாறு ராஜாக்கள் கதையை அப்போதைக்கு விட்டுவிடலாம், சாந்தி பர்வத்தில் திரும்ப வரும்.

குறிப்பெடுக்கும்போது உபபர்வத்தின் (பர்வத்துக்குள் வரும் உட்பிரிவின்) பெயரையும் எழுதுங்கள். எண்ணை மட்டும் நம்பினால் பதிப்பு மாறும்போது திண்டாட்டம்: உங்களுக்கு 25-42 ஆன கீதை, புனே பண்டார்கர் நிறுவனத்தின் ஆய்வுப் பதிப்பில் 23-40.

பக்கம்புரட்டி:
நன்றி. அம்பை கதையை மறுபடி எடுக்கிறேன். இன்னொன்று: கர்ணன் சாகும்போது கண்ணனுக்குப் புண்ணியத்தைத் தாரைவார்க்கும் இடம் எந்தப் பகுதி?

ஏடுதேடி:
வியாசத்தில் (வியாசரின் மூலத்தில்) தேடாதீர்கள், இல்லை. அது வில்லிபுத்தூரார் தமிழில் பாடிய வில்லிபாரதம். வியாசத்தில் தேர்ச்சக்கரம் புதைந்து, வார்த்தைத் தகராறு நடந்து, அர்ஜுனன் அம்பில் தலை போகிறது. நடுவில் தானம் எதுவும் கிடையாது.