வேன் ஃப்ரிட்ஜுக்கு கரன்ட் எதுல இருந்து எடுக்கிறது? வீட்டு இன்வெர்ட்டர் பேட்டரி போதுமா?

மதுரை_வேன்:
எல்லாருக்கும் வணக்கம். பழைய டெம்போ டிராவலர் ஒண்ணு வாங்கி பின் சீட்டெல்லாம் கழட்டிட்டு ரெண்டு பெட், சின்னதா ஒரு கிச்சன் போட்டிருக்கேன், மே மாசம் அம்மாவையும் கூட்டிக்கிட்டு கோவா வரைக்கும் போய்ட்டு வரணும், பத்து பன்னண்டு நாள் ஆகும். அம்மா இன்சுலின் போடுறாங்க, அதனால ஃப்ரிட்ஜ் இல்லாம கிளம்ப முடியாது, பால் தயிரெல்லாம் அப்புறம்தான். வீட்ல 150 ஏஹெச் (ஆம்பியர் அவர், பேட்டரி எவ்ளோ கொள்ளும்ங்கிற அளவு) டியூபுலர் ஆசிட் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சும்மா கிடக்கு, அதையே தூக்கி வண்டில வச்சு ஒரு சிங்கிள் டோர் ஃப்ரிட்ஜ ஓட்டிடலாமான்னு பாக்குறேன். மச்சான் கூரைல சோலார் போடு போதும்ங்கிறார், கடைல கேட்டா லைட்டர் சாக்கெட்ல சொருகுற கூலர் பாக்ஸே போதும்னு சொல்றாங்க. யாராவது செஞ்சு பாத்தவங்க சொல்லுங்க.

ஒயரிங்_திருச்சி:
தம்பி, முதல்ல அந்த கூலர் பாக்ஸ விட்ருங்க. அதுல கம்ப்ரசர் கிடையாது, வெளிய இருக்கிற சூட்டுல இருந்து 15, 20 டிகிரிதான் குறைக்கும். மே மாசம் பூட்டின வேனுக்குள்ள 40 டிகிரின்னா உள்ள 20க்கு மேலதான் நிக்கும், இன்சுலினுக்கு 2ல இருந்து 8 வேணும்.

அடுத்து வீட்டு இன்வெர்ட்டர். அது ஃப்ரிட்ஜ் ஓடினாலும் ஓடாட்டியும் தனக்குன்னு ஒரு 15, 20 வாட் தின்னுக்கிட்டே இருக்கும், 24 மணி நேரத்துக்கு கணக்கு பண்ணுங்க, 400 வாட் அவர் கிட்ட சும்மா போயிடுது, சின்ன ஃப்ரிட்ஜே ஒரு நாளைக்கு அவ்ளோதான் எடுக்கும். அது போக அந்த இன்வெர்ட்டர் வீட்டு கரன்ட்ல மட்டும்தான் சார்ஜ் ஏத்தும், வண்டி ஓடுறப்ப ஏத்தாது. டியூபுலர் பேட்டரி 50 கிலோவுக்கு மேல வெயிட்டு, பாதிக்கு கீழ இறக்குனா சீக்கிரம் போயிடும், ஆசிட் குலுங்கும், சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும். அம்மா படுத்திருக்கிற பெட்டுக்கு அடில அத வைக்க நான் ஒத்துக்க மாட்டேன்.

12 வோல்ட் கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ் 40 லிட்டர் வாங்குங்க. ஓடும்போது 45 வாட் எடுக்கும்னு வைங்க, நல்ல வெயில்ல பாதி நேரம் ஓடும், அப்ப நாளைக்கு 540 வாட் அவர், 12 வோல்ட்ல 45 ஏஹெச். 100 ஏஹெச் லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி ஒண்ணு போட்டா வண்டி நின்ன இடத்துலயே ரெண்டு நாள் தாங்கும். ஸ்டார்ட் பண்ற பேட்டரில மட்டும் ஃப்ரிட்ஜ கொடுக்காதீங்க, காலைல செல்ஃப் எடுக்காது, தள்ளித்தான் விடணும்.

மெல்போர்ன்_தமிழன்:
இங்க கேரவன்ல கேஸ், 12 வோல்ட், 240 வோல்ட் மூணுலயும் ஓடுற ஃப்ரிட்ஜ் நிறைய பேர் வச்சிருக்காங்க, நானும் நாலு வருஷம் வச்சிருந்தேன். சத்தமே இருக்காது, சிலிண்டர் இருந்தா நாள் கணக்குல ஓடும். ஆனா வண்டி சமமா நிக்கணும், சரிவுல நிறுத்துனா கூலிங் விழுந்துடும். 12 வோல்ட்ல போட்டா ஹீட்டர் மாதிரி 10 ஆம்புக்கு மேல நிக்காம இழுக்கும். இங்க கோடைல வெளிய 40 போன அன்னிக்கு உள்ள 12 டிகிரிக்கு கீழ இறங்கவே இல்ல, பால் திரிஞ்சு போச்சு. கேஸ் புகை வெளிய போக தனி வழி வெட்டணும், தூங்குற இடத்துல அது சின்ன விஷயம் இல்ல. இன்சுலினுக்கு வேண்டாம் அண்ணா, திருச்சிக்காரர் சொல்றதே சரி.

கொங்கு_ரைடர்:
நான் ரெண்டு வருஷமா மாருதி ஈகோ வேன்ல இதே செட்டப்தான் ஓட்டுறேன், அடிபட்டு கத்துக்கிட்டத சொல்றேன்.

சோலார் நல்லதுதான், ஆனா அத மட்டும் நம்பாதீங்க. கூரைல படுக்க வச்ச 200 வாட் பேனல் நல்ல வெயில் நாள்ல 700, 800 வாட் அவர் தரும், கணக்குப்படி போதும். ஆனா மத்தியானம் எல்லாரும் வண்டிய எங்க நிறுத்துவோம், புளியமரத்தடிலதான். நெழல் விழுந்தா பேனல் படுத்துடும், வெயில்ல நிறுத்துனா வேன் கொதிச்சு ஃப்ரிட்ஜ் நிக்காம ஓடும். மே கடைசில கொங்கண் பக்கம் மேகம் வேற கட்ட ஆரம்பிச்சிடும். அதனால 20 ஆம்ப் டிசி டு டிசி சார்ஜர் (வண்டி ஓடும்போது எஞ்சின் கரன்ட்ல ஃப்ரிட்ஜ் பேட்டரிக்கு சார்ஜ் ஏத்துறது) முதல்ல போடுங்க, மூணு மணி நேரம் ஓட்டுனா 60 ஏஹெச் ஏறிடும், ஒரு நாள் செலவுக்கு மேலயே. சோலார், வண்டி ஓடாத நாளுக்கு.

எனக்கு பிரச்சனை வந்தது ஒயர்ல. முதல்ல லைட்டர் சாக்கெட்ல சொருகித்தான் ஓட்டினேன், சத்தியமங்கலம் தாண்டி திம்பம் ஏறும்போது ஃப்ரிட்ஜ் டிஸ்ப்ளேல எரர், நிறுத்திப் பாத்தா பிளக் கைல பிடிக்க முடியாத சூடு, நுனில இருக்கிற பித்தளை கருத்து, சுத்தி பிளாஸ்டிக் இளகி சாக்கெட்டோட ஒட்டிக்கிட்டிருக்கு. பேட்டரில 12.8 காட்டுது, ஃப்ரிட்ஜுக்கு 11.3தான் வந்து சேருது, லோ வோல்டேஜ்னு நினைச்சு அதுவே ஆஃப் ஆகிடுது. 1.5 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர், ஒயரோட தடிமன்) ஒயர் 6 மீட்டர் இழுத்தா 5 ஆம்புக்கே முக்கால் வோல்ட் அதுல போயிடும், மீதி அந்த சாக்கெட்ல. இப்ப பேட்டரில இருந்து நேரா 6 ஸ்கொயர் ஒயர், பேட்டரி பக்கத்துலயே 15 ஆம்ப் ஃபியூஸ். அதுக்கப்புறம் ஒரு தடவ கூட ஆஃப் ஆகல.

இன்னொண்ணு, இன்சுலின ஃப்ரிட்ஜ் சுவரை ஒட்டி வைக்காதீங்க. அந்த இடம் உறைஞ்சிடும், உறைஞ்ச இன்சுலின் திரும்ப இளகினாலும் ஆகாது. சின்ன டப்பால போட்டு நடுவுல வைங்க, செட்டிங் 5 டிகிரி, பக்கத்துல தனியா ஒரு தெர்மாமீட்டர்.

மதுரை_வேன்:
எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, கணக்கு போட்டு சொன்னதுதான் பெரிய உதவி. டியூபுலர் வீட்லயே கிடக்கட்டும். கம்ப்ரசர் ஃப்ரிட்ஜ், 100 ஏஹெச் லித்தியம், டிசி டு டிசி சார்ஜர், இது மூணும் இப்ப வாங்குறேன், சோலார் கைல காசு மிஞ்சினா. ஏப்ரல்லயே கொடைக்கானலுக்கு ரெண்டு நாள் போய் தெர்மாமீட்டர் வச்சு பாத்துட்டு, அப்புறம்தான் அம்மா மருந்த அதுல வைப்பேன். திருச்சி அண்ணே, பேட்டரிய டிரைவர் சீட்டுக்கு பின்னாடி வைக்கலாமா, இல்ல பின் கதவு கிட்டயா? முன்னாடி வச்சா எஞ்சின்ல கரன்ட் எடுக்கிற ஆல்டர்னேட்டர்ல இருந்து ஒயர் பாதிதான் வருது.

ஒயரிங்_திருச்சி:
சீட்டுக்கு பின்னாடியே வைங்க. தரைல போல்ட் போட்டு பட்டையால இறுக்கிடுங்க, பிரேக் அடிச்சா நகரக்கூடாது. வண்டி பேட்டரில இருந்து சார்ஜருக்கு வர்ற ஒயருக்கும் அந்த முனைல ஒரு ஃபியூஸ் போடணும், அத மறந்துடாதீங்க.