ஹிமாலயன் 411: 2019 பிஎஸ்4 எடுக்கலாமா, 2022 பிஎஸ்6 எடுக்கலாமா?

தண்டையார்பேட்டை_ரவுண்டு:

ரெண்டு செகண்ட் ஹேண்ட் ராயல் என்ஃபீல்டு ஹிமாலயன் 411 பைக் பார்த்து வச்சிருக்கேன்.

ஒண்ணு 2019 ஜூன் ரிஜிஸ்ட்ரேஷன், பிஎஸ்4 (பழைய புகை விதி), டிஎன் 03, ஒரே ஓனர், 31,000 கி.மீ. கேக்குறது 1,05,000. இன்னொண்ணு 2022 ஆகஸ்ட், பிஎஸ்6 (புது புகை விதி), டிஎன் 05, ரெண்டாவது ஓனர், 14,000 கி.மீ. அதுக்கு 1,55,000.

தினமும் எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோடு வழியா மணலி, கன்டெய்னர் லாரிக்கு நடுவுல. மாசத்துக்கு ஒரு தடவை ரெண்டு பேர், பெட்டியோட கொல்லிமலை, வால்பாறை, நெல்லூர் பக்கம். 50,000 கூட குடுத்தா பிஎஸ்6ல என்ன கூடுதலா கிடைக்குது? இ20 (20% எத்தனால் கலந்த) பெட்ரோலுக்கு பழைய வண்டி தாங்காது, புதுசுதான் தாங்கும்னு கடைக்காரர் சொல்றார், உண்மையா? புது ஹிமாலயன் 450 பட்ஜெட்ல இல்ல, அதைச் சொல்லாதீங்க.

வால்வு_கிளியரன்ஸ்:

முதலில் இ20. கடைக்காரர் சொன்னது இந்த இரண்டு வண்டிகளுக்கும் பொருந்தாது. 2023 ஏப்ரல் முதல் தயாரான வண்டிகளில்தான் இ20 தாங்கும் ரப்பரும் சீலும் கட்டாயம். அந்தக் கணக்கில் 2022 வண்டியும் 2019 போலத்தான். இரண்டிலும் செய்ய வேண்டியது ஒன்றே: பெட்ரோல் ஹோஸ் விரைத்திருக்கிறதா, வெடிப்பு இருக்கிறதா பாருங்கள். பாதி டேங்கோடு வாரக்கணக்கில் நிறுத்தாதீர்கள். எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். டேங்க் இரும்பு, நீங்கள் இருப்பது கடலோரம். மைலேஜ் கொஞ்சம் குறையும், அதற்கு மருந்தில்லை.

எஞ்சின் விஷயத்தில் பெரிய வித்தியாசம் தேடாதீர்கள். இரண்டும் அதே 411 சிசி, ஏர்-ஆயில் கூலிங், 5 கியர், சுமார் 24 குதிரைத்திறன், 32 நியூட்டன் மீட்டர். கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளை ஆள், பெட்டியோடு ஏறும்போது இரண்டும் ஒரே மாதிரிதான் மூச்சு வாங்கும். பிஎஸ்6 எடை 199 கிலோ, பழையதைவிடச் சில கிலோ அதிகம்.

மாறியது சுற்றுவட்டாரம். 2020ல் பிஎஸ்6 வந்தபோது பின்சக்கர ஏபிஎஸ்ஸை (பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காப்பது) அணைக்கும் சுவிட்ச், ஹசார்ட் லைட், திருத்திய சைடு ஸ்டாண்ட் சேர்ந்தன. 2021ல் டிரிப்பர் நேவிகேஷன் (வழி காட்டும் சின்னத் திரை), உயரமான விண்ட்ஷீல்டு, மேம்பட்ட சீட், பெட்டி கட்ட வசதியாகத் தட்டு வைத்த பின் கேரியர் வந்தன. முன் ரேக்கும் சற்று முன்னால் தள்ளப்பட்டதால் உயரமானவர்களின் முழங்கால் இடிக்காது. ஆளும் பெட்டியுமாகப் போகிறவருக்கு உண்மையில் உதவுவது அந்தக் கேரியரும் சீட்டும்தான். ஏபிஎஸ் சுவிட்ச் மண், சரளைக்கு. வால்பாறையின் 40 வளைவும் தார் ரோடு, அங்கே அதைத் தொடவே கூடாது.

இரண்டு எச்சரிக்கை. 2022 நடுவில் சிப் தட்டுப்பாட்டால் டிரிப்பர் இல்லாமல் பல வண்டிகள் வெளியே வந்தன. மீட்டர் பக்கத்தில் அந்தச் சின்ன வட்டம் இருக்கிறதா பாருங்கள், விலையில் அது கணக்கு. யூஎஸ்பி சார்ஜர் 2022 நவம்பரில்தான் வந்தது. ஆகஸ்ட் வண்டியில் இருந்தால் அது வெளியில் மாட்டியது, ஒயரை எங்கே வெட்டி இணைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். பழைய வண்டியில் ஆர்சியில் உள்ள தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஹிமாலயனுக்கு ஏபிஎஸ் 2018ல்தான் வந்தது. அதற்கு முந்தைய ஸ்டாக் 2019ல் பதிவாகியிருந்தால் அது வேறு வண்டி, வேறு விலை.

ராயபுரம்_ராக்கெட்:

கண்ண மூடிட்டு 2019 எடு தலைவா. மிச்சமாகுற 50,000ல செயின் கிட், ரெண்டு டயர், பேட்டரி, கோன்செட் (ஹேண்டில் திரும்புற பேரிங்) எல்லாம் புதுசாப் போட்டாலும் கையில காசு நிக்கும். புதுசுன்னு வாங்குறதுல பாதி பெயின்ட்டுக்குக் குடுக்குற காசு.

எண்ணூர்_உப்புக்காத்து:

கண்ண மூடிக்கிட்டு எடுக்குற வண்டி வடசென்னையில கிடையாது ராக்கெட். இங்க மாடல் வருஷம் ரெண்டாவது கேள்வி. முதல் கேள்வி, 2023 டிசம்பர் 4ஆம் தேதி அந்த வண்டி எங்க நின்னுச்சு? மிக்ஜாம் புயல்ல வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, மணலி, திருவொற்றியூர் பக்கம் நிறைய தெருவுல நாள்கணக்கா தண்ணி. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டின குப்பங்கள்ல தண்ணியோட எண்ணெயும் சேர்ந்து ஏறுச்சு. ரெண்டு வண்டியுமே அந்த நாள் ரோட்டுல இருந்த வண்டிதான்.

எவ்வளவு உயரம் தண்ணி நின்னுச்சுங்கிறதுதான் கணக்கு. சீட் உயரம் 800 மி.மீ. கணுக்கால் தண்ணி ஒண்ணும் பண்ணாது. முழங்கால் வந்தா ரெண்டு வீல் பேரிங், ஏபிஎஸ் வீல் சென்சார், சைலன்சர், ஸ்விங் ஆர்ம் புஷ், கிராங்க் கேஸ் எல்லாம் முங்கிடும். இதெல்லாம் சரி பண்ணிடலாம். தொடைக்கு மேல போயிருந்தா சீட்டுக்கு அடியில இருக்குற பேட்டரி, ஃபியூஸ் பாக்ஸ், ஒயரிங் சாக்கெட். அந்த வண்டிய இனாமா குடுத்தாலும் வேணாம். இன்னிக்கு ஓடும், ஆறு மாசம் கழிச்சு ஆம்பூர் தாண்டி ராத்திரி ஒன்பது மணிக்கு நிக்கும்.

பாக்குற விதம். சீட்டைக் கழட்டுங்க, ரெண்டு மூணு சாக்கெட்டைப் புடுங்கிப் பாருங்க. பித்தளை மஞ்சளா இருந்தா சரி, பச்சை பூத்திருந்தா தண்ணி பார்த்தது. ஹெட்லைட்டுக்குள்ள, ஏர் ஃபில்டர் பெட்டி மூலையில வண்டல் கோடு இருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க. வாட்டர் வாஷ் பண்றவன் அங்கெல்லாம் கை விடமாட்டான். மீட்டர் உள்ள பனி கட்டுறத மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க, மழையில நனைஞ்ச 411 பலதுல அது இருக்கும். ஆயில் ஊத்துற மூடியில காபி கலர் பிசின் இருந்தாலும் அப்படித்தான், தினம் ரெண்டு கி.மீ. ஓட்டுற வண்டியிலும் வரும். ஆயில் புதுசா இருக்கறதும் சாட்சி ஆகாது, விக்கிறதுக்கு முந்தின நாள் எவனும் மாத்துவான்.

சாவி போட்டதும் ஏபிஎஸ் லைட் எரியணும், வண்டி நகர்ந்து வேகம் எடுத்ததும் அணையணும். அணையலைன்னா சென்சாரோ யூனிட்டோ போச்சு. எரியவே இல்லைன்னா இன்னும் மோசம், யாரோ லைட்டையே கட் பண்ணி மறைச்சிருக்கான். புதுப்பேட்டையில சைடு பேனல், ரேக், ஸ்டாண்டு வாங்கலாம். ஏபிஎஸ் யூனிட் அங்க வாங்கி மாட்டாதீங்க.

அப்புறம் உப்பு. ஸ்போக் நிப்பிள்ல வெள்ளையா மாவு மாதிரி இருந்தா ஸ்போக் கீ வச்சாலும் திரும்பாது, உடையும். வீல் பெண்டு எடுக்க முடியாம மொத்த ஸ்போக்கும் மாத்தணும். ஒவ்வொரு ஸ்போக்கையும் ஸ்பேனரால தட்டுங்க, சத்தம் கணீர்னு வரணும், 'டொக்'னா லூஸ். முன் போர்க் குழாயில சீலுக்கு மேல துருப் புள்ளி இருந்தா புது ஆயில் சீலும் சீக்கிரம் கிழியும்.

படிவம்29:

காகிதத்திலும் வெள்ளம் தெரியும். 2024ல் புதுப்பித்த காப்பீட்டுப் பாலிசியின் நகலைக் கேளுங்கள். முந்தைய வருடம் ஓன் டேமேஜ் க்ளெய்ம் (சொந்த வண்டிச் சேதத்துக்கான பணம்) எடுத்திருந்தால் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் எடுக்காததற்கான தள்ளுபடி) பூஜ்யமாகியிருக்கும். 2019 வண்டிக்கு இந்தச் சோதனை நேராகப் பொருந்தும், ஒரே ஓனர். 2022 வண்டிக்கு அப்படியே பொருந்தாது, ஏனென்றால் போனஸ் ஓனரோடு போய்விடும், புது ஓனர் பூஜ்யத்திலிருந்துதான் தொடங்குவார். அங்கே பார்க்க வேண்டியது பெயர் மாறிய தேதி. 2024 ஜனவரி முதல் மார்ச்சுக்குள் கைமாறியிருந்தால், முதல் ஓனரின் பாலிசி எண்ணைக் கேட்டு காப்பீட்டு நிறுவனத்திடமே க்ளெய்ம் விவரம் விசாரியுங்கள்.

பணக் கணக்கிலும் ஒரு வித்தியாசம் இருக்கிறது, யாரும் சொல்லவில்லை. 2018 செப்டம்பரிலிருந்து புது வண்டிக்கு 5 வருட தேர்டு பார்ட்டி காப்பீடு கட்டாயம். 2019 வண்டிக்கு அது 2024 ஜூனில் முடிந்துவிட்டது. 2022 வண்டிக்கு 2027 ஆகஸ்ட் வரை ஓடும். 350 சிசிக்கு மேற்பட்ட வண்டிக்கு 2022ல் நிர்ணயித்த தேர்டு பார்ட்டி கட்டணம் வருடம் 2,804 ரூபாய், ஜிஎஸ்டி தனி. பெரிய தொகை இல்லை, ஆனால் 50,000 வித்தியாசத்தில் அதையும் கழியுங்கள்.

பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் விற்பவர் கையெழுத்து வேண்டும். ஆர்சியில் ஃபைனான்ஸ் பெயர் இருந்தால் கடன் நீக்கும் படிவம் 35ம் வங்கியின் என்ஓசியும் (ஆட்சேபனையில்லாச் சான்று) கைக்கு வராமல் முழுப் பணம் கொடுக்காதீர்கள். பாக்கி இ-சலானையும் பரிவாகன் தளத்தில் பார்த்துவிடுங்கள்.

தண்டையார்பேட்டை_ரவுண்டு:

ரொம்ப நன்றிண்ணா. இப்பதான் பாலிசி வாங்கிப் பார்த்தேன். 2022 வண்டி 2024 பிப்ரவரியில கைமாறியிருக்கு, முதல் ஓனர் விலாசம் வியாசர்பாடி. 2019 வண்டிக்கு போனஸ் அறுபடாம ஓடிட்டு இருக்கு. அப்ப 2022 வேணாம்னு விட்டுடவா? 2019ல 31,000 கி.மீ. ஜாஸ்தி இல்லையா?

வால்வு_கிளியரன்ஸ்:

தேதியை மட்டும் வைத்து ஒதுக்க வேண்டாம், மாடி பார்க்கிங்கில் நின்றிருக்கலாம். சாக்கெட்டைக் கழற்றிப் பாருங்கள். கழற்ற விடமாட்டேன் என்று விற்பவர் சொன்னால் அதுவே பதில்.

31,000 இந்த எஞ்சினுக்கு அதிகமில்லை. இரவு முழுக்க நின்ற வண்டியைக் காலையில் நீங்களே ஸ்டார்ட் செய்யுங்கள். போகும்போது சைலன்சர் சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். லேசான டேப்பட் சத்தம் இருக்கலாம், அது நல்லதுதான். சத்தமே இல்லாமல், ஸ்டார்ட் ஆகவும் சிரமப்பட்டால் வால்வு கிளியரன்ஸ் (இடைவெளி) இறுகி வால்வு முழுசாக மூடாமல் நிற்கிறது; அப்படியே ஓட்டியிருந்தால் எக்ஸாஸ்ட் வால்வு கருகியிருக்கும். கிளட்சுக்கு, நாலாவது கியரில் 40 கி.மீ. வேகத்திலிருந்து ஆக்சிலேட்டரை முழுசாகத் திருகுங்கள். ஆர்பிஎம் முள் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் பிளேட் தேய்ந்துவிட்டது.

சென்டர் ஸ்டாண்டில் போட்டு, பின்னால் ஒருவரை அமுக்கச் சொல்லி முன்சக்கரத்தைத் தூக்குங்கள். ஹேண்டிலை மெதுவாக இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பும்போது நேர் நடுவில் லேசாகச் சிக்கினால் கோன்செட் குழி விழுந்துவிட்டது. எண்ணூர் ரோட்டு லாரிப் பள்ளங்களில் ஓடிய வண்டிக்கு இது சகஜம், மாற்றிவிடலாம், விலையில் கழியுங்கள். பின்சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டி ஸ்விங் ஆர்ம் ஆட்டம் பாருங்கள். செயினைப் பின் பல்சக்கரத்திலிருந்து விரலால் இழுக்கும்போது பல்லின் பாதி தெரிந்தால் முழு கிட்டும் மாற்ற வேண்டும், செயினை மட்டும் மாற்றினால் பழைய பல் புதுச் செயினைத் தின்றுவிடும். டயர் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும். 2119 என்றால் 2019ன் 21வது வாரம். பட்டன் இருந்தாலும் அந்த ரப்பரில் மலை ஏற வேண்டாம்.

ஓட்டிப் பார்க்க மீஞ்சூர் வெளிவட்டச் சாலை போதும். 90ல் ஐந்து நிமிடம் பிடியுங்கள். அதிர்வு கைக்கு வருவது இந்த எஞ்சினின் குணம். ஹேண்டில் தானாக ஆடினால் வீல் பெண்டு அல்லது கோன்செட்.

எண்ணூர்_உப்புக்காத்து:

என் கணக்கு இது தம்பி. 2022 சாக்கெட் சுத்தமா இருந்து, டிரிப்பரும் இருந்தா 1,45,000க்குப் பேசுங்க. டிரிப்பர் இல்லன்னா இன்னும் 5,000 குறைங்க. ஒரே ஒரு சாக்கெட்ல பச்சை தெரிஞ்சாலும் 2019 பக்கம் போயிடுங்க, அதுல கோன்செட், செயின் கிட், டயருக்குக் கழிச்சு 90,000ல ஆரம்பிங்க, அவர் 95,000ல நிப்பார். பின் கேரியருக்கு ஜிபி ரோட்டுல தட்டு கிடைக்கும்.

எந்த வண்டி எடுத்தாலும் ட்யூப் டயர்தான். முன்னால 21 இன்ச், பின்னால 17 இன்ச். 17 எந்த ஊர் பஞ்சர் கடையிலும் கிடைக்கும். 21 நெல்லூர் ஹைவேயில தேடினாலும் கிடைக்காது. அதனால ஒரு 21 இன்ச் ட்யூப், ரெண்டு டயர் லீவர், அச்சு நட்டுக்குப் பொருந்துற ஸ்பேனர், ஒரு சின்னப் பம்ப் பெட்டிக்குள்ள எப்பவும் கிடக்கட்டும்.