15 வயதில் பள்ளியை விட்டவர் யூபிஎஸ் தலைமை நிர்வாகி ஆனது எப்படி? மகனுக்காகக் கேட்கிறேன்

ஆர்காவ் அம்மா:

வணக்கம் அண்ணாமார், அக்காமார். என் மூத்த மகன் இந்த வருடம் பள்ளி முடிக்கிறான். ஒரு வங்கியில் மூன்று வருடத் தொழிற்பயிற்சிக்கு, அதுதான் இங்கே சுவிஸில் எல்லோரும் சொல்லும் லேர, இடம் கிடைத்திருக்கிறது. அவனுக்கு அதில் நல்ல விருப்பம். ஆனால் வீட்டுக்கு வருகிற சொந்தக்காரர்கள் எல்லோரும், "ஏன் கிம்னாசியத்துக்கு (பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் பள்ளி) விடவில்லை? பிள்ளை கெட்டிக்காரன்தானே?" என்று அவன் முன்னாலேயே கேட்கிறார்கள். அவன் ஒன்றும் பேசாமல் எழுந்து அறைக்குள் போய்விடுகிறான். பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

சுவிஸின் பெரிய வங்கியான யூபிஎஸ்ஸின் தலைமை நிர்வாகி ஆன செர்ஜியோ எர்மோட்டியின் பெயரை அவனுடைய ஆசிரியர் சொன்னார். அவரும் லேர செய்துதான் வங்கிக்குள் வந்தாராம். இது உண்மையா? உண்மையென்றால் அவ்வளவு தூரம் எப்படிப் போனார்? விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

பழைய வங்கிக்காரன், சூரிச்:

உண்மைதான் தங்கச்சி. நான் இந்த ஊர் வங்கியொன்றில் கணக்குத் தீர்க்கும் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். எர்மோட்டியின் பாதையை நான் ஆர்வத்தோடு கவனித்து வந்திருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அவர் 1960இல் லுகானோவில் பிறந்தவர். இத்தாலிய மொழி பேசும் திச்சினோ மாநிலம். 15 வயதில் அதே ஊரிலுள்ள கோர்னேர் வங்கியில் பயிற்சிக்குச் சேர்ந்தார். நம் ஆட்கள் பயிற்சி என்றதும் ஏதோ எடுபிடி வேலை என்று நினைக்கிறார்கள். அப்படியில்லை. வங்கியில் லேர செய்யும் பிள்ளையை சில மாதங்களுக்கு ஒருமுறை பிரிவு மாற்றுவார்கள். முதலில் கவுண்டர், பிறகு கடன் பிரிவு, பிறகு பங்குகள், பிறகு என்னைப் போன்றவர்கள் இருக்கும் பின்பக்கம். வாரத்தில் ஒன்றிரண்டு நாள் தொழிற்பள்ளி. வாடிக்கையாளர் ஒரு பங்கு வாங்கச் சொன்னால் அந்தக் கட்டளை யார் கையில் தொடங்கி எங்கே பதிவாகி எப்போது பணம் நகர்கிறது என்பதை 17 வயதுப் பிள்ளை கண்ணால் பார்த்துவிடுகிறது. பல்கலைக்கழகத்திலிருந்து 25 வயதில் நேராக மேல்மாடிக்கு வரும் கனபேருக்கு இது கடைசிவரை தெரியாது. நான் அவர்களோடு வேலை செய்தவன், தெரிந்துதான் சொல்கிறேன்.

அப்புறம் இன்னொன்று. உங்கள் சொந்தக்காரர்கள் நினைப்பதுபோல எர்மோட்டி 15 வயதோடு படிப்பை விட்டுவிடவில்லை. கூட்டாட்சி அரசின் வங்கி வல்லுநர் பட்டயம் பெற்றார். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் மேலாண்மைப் பயிற்சியும் முடித்தார். சிட்டிபேங்கில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு 1987இல் அமெரிக்க முதலீட்டு வங்கியான மெரில் லிஞ்சுக்குப் போனார். அங்கே உலகளாவிய பங்குச்சந்தைப் பிரிவின் இணைத் தலைவர் வரைக்கும் உயர்ந்தார்.

2005 கடைசியில் இத்தாலியின் யூனிகிரெடிட் வங்கி. பிறகு அங்கே துணைத் தலைமை நிர்வாகி ஆனார். 2010இல் அங்கே முதலிடம் காலியானபோது வேறொருவருக்குக் கொடுத்தார்கள். இவர் வெளியேறினார். 50 வயதில் வேலை இல்லை என்றால் பலருக்குக் கதை முடிந்துவிடும்.

2011 ஏப்ரலில் யூபிஎஸ்ஸுக்கு வந்தார். செப்டம்பரில் லண்டன் கிளையில் குவெக்கு அடோபோலி என்ற ஒரே ஒரு வர்த்தகர், அனுமதியில்லாத வியாபாரத்தில் 2 பில்லியன் டாலருக்கு மேல் நட்டம் ஏற்படுத்தியது தெரியவந்தது. தலைமை நிர்வாகி ஒஸ்வால்ட் கிரூபல் பதவி விலகினார். எர்மோட்டியைத் தற்காலிகமாக உட்கார வைத்தார்கள். நவம்பரில் நிரந்தரமாக்கினார்கள்.

என்னைக் கேட்டால் அவருடைய வாழ்க்கையின் பெரிய முடிவு 2012 அக்டோபரில் எடுத்ததுதான். கடன்பத்திர வியாபாரத்தின் பெரும்பகுதியை மூடினார், ஏறக்குறைய 10,000 வேலைகள் போகும் என்றார். அன்று காலை லண்டன் அலுவலகத்துக்கு வந்த சிலருடைய நுழைவு அட்டைகள் வேலை செய்யவில்லை என்று செய்தி வந்தது. அப்படிச் செய்தது கொடுமைதான், அதை நான் நியாயப்படுத்தவே மாட்டேன். ஆனால் வங்கியைச் செல்வந்தர்களின் சொத்து மேலாண்மை பக்கம் திருப்பிய அந்த முடிவு சரியானது. போட்டி வங்கியான கிரெடிட் சுவிஸ் அந்தத் திருப்பத்தை அரைமனதாகவும் தாமதமாகவும் எடுத்தது. பத்து வருடத்துக்குப் பிறகு யார் யாரை வாங்கினார்கள் என்று பாருங்கள்.

2020இல் பதவியை ஒப்படைத்துவிட்டுப் போய் சுவிஸ் ரீ காப்புறுதி நிறுவனத்தின் தலைவரானார். 2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை, பெர்ணில் அந்தச் செய்தியாளர் சந்திப்பு. 1856இல் ஆல்ஃபிரட் எஷர் தொடங்கி, அப்போது சரிந்துகொண்டிருந்த கிரெடிட் சுவிஸை 3 பில்லியன் பிராங்குக்கு யூபிஎஸ் வாங்குகிறது என்றார்கள். 22.48 கிரெடிட் சுவிஸ் பங்குக்கு ஒரே ஒரு யூபிஎஸ் பங்கு. நான் தொலைக்காட்சி முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பத்து நாளில் எர்மோட்டியைத் திரும்ப அழைக்கும் அறிவிப்பு வந்தது. ஏப்ரல் 5 முதல் மறுபடி அதே நாற்காலி. பெரிய வங்கியொன்றைச் சுருக்கி நிமிர்த்திய அனுபவம் அவரிடம் இருந்தது. கூப்பிட்டதற்கு அதுதான் காரணம்.

பாசல் வாசகி:

அண்ணை சொன்னது எல்லாம் சரி. ஆனால் படத்தின் மறுபக்கத்தையும் அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டும். இதே யூபிஎஸ்ஸின் முன்னாள் தலைவர் மார்செல் ஓஸ்பெல், எங்கள் பாசல்காரர், அவரும் லேர வழியாக வந்தவர்தான். அவர் காலத்தில்தான் அந்த வங்கி அமெரிக்க வீட்டுக்கடன் பத்திரங்களில் போய் மாட்டியது. அவர் 2008 ஏப்ரலில் விலகினார். அக்டோபரில் அரசு 6 பில்லியன் பிராங்க் போட்டுக் காப்பாற்றியது. அடிமட்டத்திலிருந்து வந்தவர் என்றால் நிதானமாக இருப்பார் என்று சொல்ல முடியாது.

சம்பளத்தையும் விட்டுவிட்டீர்கள். 2023இல் ஒன்பது மாதத்துக்கு எர்மோட்டிக்கு 14.4 மில்லியன் பிராங்க். அதே வருடம் ஆகஸ்டில்தான் சுவிஸில் 3,000 பேரை வேலையிலிருந்து நிறுத்தப்போவதாக அவர் அறிவித்தார். எனக்கு இது இன்னமும் மனதை உறுத்துகிறது.

பழைய வங்கிக்காரன், சூரிச்:

ஓஸ்பெல் விஷயத்தில் நீங்கள் சொல்வது நியாயம் தங்கச்சி. லேர ஒருவருக்கு வங்கியின் உள்வேலையைத்தான் கற்றுக்கொடுக்கும், ஆசையைக் கட்டுப்படுத்தக் கற்றுக்கொடுக்காது. சம்பள விஷயத்திலும் நான் உங்கள் பக்கம். கிரெடிட் சுவிஸை வாங்கியதற்காக அரசு தந்த 9 பில்லியன் பிராங்க் நட்ட உத்தரவாதத்தை அந்த ஆகஸ்டிலேயே வேண்டாம் என்று அவர் விட்டதை மதிக்கிறேன். அதற்காக அந்தச் சம்பளம் நியாயம் ஆகிவிடாது.

ஆர்காவ் அம்மா:

இருவருக்கும் மிக்க நன்றி. இரவு மகனுக்கு வாசித்துக் காட்டினேன். "அவர் பிறகும் படித்தாரா?" என்றுதான் முதலில் கேட்டான். லேர முடித்தால் அவனும் மேலே படிக்க முடியுமா அண்ணா? எந்த வழியில்?

பழைய வங்கிக்காரன், சூரிச்:

தாராளமாக. பெறூஃப்ஸ்மத்தூரா என்று ஒன்று இருக்கிறது, தொழிற்பயிற்சிப் பிள்ளைகள் மேலே படிக்க வழிவிடும் சான்றிதழ். லேரயோடு சேர்த்தே செய்யலாம், முடித்தபிறகும் செய்யலாம். அது கையில் இருந்தால் வணிகம் படித்த பிள்ளைக்கு அந்தத் துறையின் ஃபாக்ஹோக்ஷூலவில், அதாவது தொழில்சார் உயர்கல்லூரியில், கதவு திறந்திருக்கும். பல்கலைக்கழகமே வேண்டுமென்றால் பசரெல் என்ற மேலதிகப் பரீட்சை எழுத வேண்டும். கடினம்தான், ஆனால் எழுதித் தேறுகிறார்கள்.

லேர ஒப்பந்தத்தில் மகனோடு நீங்களும் கையெழுத்து வைக்க வேண்டியிருக்கும். அதற்கு முன் வங்கியின் பயிற்சிப் பொறுப்பாளரிடம் இரண்டு விஷயம் கேளுங்கள். பெறூஃப்ஸ்மத்தூராவை லேரயோடு சேர்த்துச் செய்ய விடுவார்களா? எந்தெந்தப் பிரிவில் எத்தனை மாதம் இருக்க வைப்பார்கள்? மூன்று வருடமும் கவுண்டரிலேயே நிறுத்தப் பார்த்தால் வேறு வங்கி தேடுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், சேர்ந்து பார்ப்போம்.