புதுப்பிப்பு: பெட்ரோல் மீட்டர் இல்லாத பைக்கில் பெட்ரோல் கணக்கு

ரிசர்வ் (டேங்க் அடியில் கடைசியாக மிஞ்சும் பெட்ரோல்) விழும் கி.மீ-யைக் குறித்து வைக்கும் முறையை முன்பு பதிவிட்டிருந்தேன். டேங்கில் குச்சி விட்டு பெட்ரோல் அளப்பது பற்றிக் கேட்டவர்களுக்கு இது.

காலி டேங்க், சென்டர் ஸ்டாண்ட், சமதரை. ஒவ்வொரு லிட்டராக ஊற்றி மூங்கில் குச்சியில் கோடு போடவும். சைடு ஸ்டாண்டில் பார்த்தால் கணக்கு தப்பும். ஆனால் அடிமட்டத்தில் குச்சியை நம்பவே கூடாது: டேங்க் சேஸிஸ் (வண்டியின் சட்டம்) மேல் கவிழ்ந்து உட்கார்வதால் மூடிக்கு நேர் கீழே மேடு, மிச்ச பெட்ரோல் இருபக்கமும் பிரிந்துவிடும்.

அதனால் ரிசர்வைத் தனியாக அளக்கணும். எஞ்சின் ஆறியபின், திறந்தவெளியில் டேங்கிலிருந்து கார்புரேட்டருக்குப் போகும் டியூபைக் கழற்றி, பெட்ரோல் திருகு 'ஆன்' நிலையில் ஒழுக்கு நின்றதும் 'ரிசர்வ்' திருப்பி அளவு பாட்டிலில் பிடிக்கவும். 1.2 லிட்டர் வந்து மைலேஜ் 45 என்றால் 54 கி.மீ. மதுரையிலிருந்து உசிலம்பட்டி (சுமார் 40) போய்ச் சேரலாம், திரும்ப முடியாது.

பெட்ரோல் இருந்தும் வண்டி அணைகிறதா? மூடியைத் திறந்து மூடியதும் ஓடினால், மூடியின் காற்றுத்துளை அடைப்பு.

பங்க்கில் நிரப்பியதும் பெட்ரோல் திருகை ரிசர்விலிருந்து மீண்டும் 'ஆன்' நிலைக்குத் திருப்பவும்.